தந்தூரை விட்டு விலகிய முகிம்

கோகந்து நகரத்தில் எங்கள் குடியிருப்பான மஹல்லாவுக்கு வெளியிலும் முகிமின் ரொட்டிக்குப் பெயர் இருந்தது. நடுவில் மெலிந்து, ஓரம் பஞ்சாக உப்பி, மேலே கருஞ்சீரகம் தூவிய ரொட்டி. காலைத் தொழுகை முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் கடைக்கு வந்து நிற்பார்கள். மாவு பிசைவது நான். அதை வட்டமாக்கி, நடுவில் முள் முத்திரையால் குத்தி, மெத்தை வைத்த உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, கனன்று கிடக்கும் தந்தூர் அடுப்புக்குள் பாதி உடம்பை விட்டுச் சுவரில் அறைவது முகிம். அவனுடைய அப்பா இறந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. அன்று தந்தூர் வாயில் நின்றவன்தான், பிறகு நகரவே இல்லை. புருவம் எப்போதும் பொசுங்கியிருக்கும். வாய் மட்டும் ஓயாது. ரொட்டி வாங்க வருகிற பெண்களிடம், "சூடா இருக்கு, பார்த்துப் பிடிங்க, உங்க மாமியார் நாக்கை விட கொஞ்சம்தான் கம்மி" என்பான். அவர்களும் சிரித்துக்கொண்டே இரண்டு ரொட்டி கூட வாங்குவார்கள்.

ரிஷ்தான் என்கிற ஊரிலிருந்து ஹுல்கரைக் கட்டிக்கொண்டு வந்தான். அதிகம் பேசாத பெண். தையல் நன்றாக வரும். முதல் வருஷம் போயிற்று, இரண்டாவது போயிற்று. முகிமின் தம்பி ஸாகிருக்கும் கல்யாணமாகி, அவன் மனைவி மன்ஸூரா அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் பெற்றாள். ஹுல்கருக்கு ஒன்றும் நிற்கவில்லை. முகிமின் அம்மா ஒய்னிசா அவளைக் கூட்டிக்கொண்டு போகாத இடமில்லை. ஓதி ஊதிய தண்ணீர், வயிற்றில் கட்டிய ஆட்டுத்தோல், இடுப்பில் குத்திய ஊசிகள். ஒரு கிழவி அவளைத் தலைகீழாகக்கூடப் பிடித்துக் குலுக்கினாள். இப்படியே ஓடிய ஆறு வருஷத்தில் முகிமை யாரும் ஒரு விரலால்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆம்பளைக்கு என்ன வந்துவிடப் போகிறது?

மன்ஸூராவின் இரண்டாவது பையனுக்குத் தொட்டில் விழா நடந்தது. அந்தத் தொட்டிலுக்குப் பட்டுப் போர்வை தைத்தவள் ஹுல்கர். குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தாள். பெண்கள் கூடியிருந்த அறைக்கு அதை ஏந்திக்கொண்டு போனபோது ஒய்னிசா வாசலிலேயே மறித்தாள்.

"துணியை இங்க குடு. நீ போயி கேரட்டு வெட்டு."

"நானே போத்திட்டு வந்துடறேன் அம்மா."

"வேணாம்மா. பச்சைக் குழந்தை. உன் கை பட வேணாம்."

மெதுவாகச் சொன்னதாக அவளுக்கு நினைப்பு. முற்றத்தில் பிலாவ் சோற்று அண்டாவைச் சுற்றி நின்ற எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. ஹுல்கர் திரும்பி வந்து கத்தியை எடுத்துக்கொண்டு கேரட் வெட்ட உட்கார்ந்தாள். சங்கடத்தை மறைக்கவோ என்னவோ, பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் முகிமின் முதுகில் தட்டினான்.

"என்ன முகிம், ஊருக்கெல்லாம் ரொட்டி உப்புது, உன் வீட்டு அடுப்புல மட்டும் ஒண்ணும் உப்பலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். முகிமும் சிரித்தான். மற்ற எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். ஹுல்கர் தலையைத் தூக்கி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கத்தி நிற்கவில்லை.

விழா முடிந்து கூட்டம் கலைந்தபின் அவள் அவனிடம் சொன்னாளாம். இதெல்லாம் அவனே பின்னால் எனக்குச் சொன்னது.

"நான் ரிஷ்தானுக்குப் போயிருந்தப்போ டாக்டர்கிட்ட காட்டினேன். எல்லாம் பாத்துட்டாங்க. எனக்கு ஒரு குறையும் இல்லையாம். உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"என்னையா? என்னை எதுக்கு? நான் என்ன பொம்பளையா?"

"பொம்பளையா இருந்திருந்தா இந்நேரம் உங்களையும் தலைகீழாப் பிடிச்சுக் குலுக்கியிருப்பாங்க."

கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தானாம். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. கடையிலும் வாய் அடங்கிவிட்டது. அப்புறம் ஒரு நாள் மாவுத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"ஸோபிர் அண்ணே, ஃபெர்கானாவுக்கு வர்றீங்களா? ஈஸ்ட் வாங்கப் போறோம்னு வீட்டுல சொல்லிட்டேன்."

கோகந்திலேயே டாக்டர் உண்டு. ஆனால் இங்கே எந்த வாசலில் நின்றாலும் அவன் ரொட்டி தின்றவன் ஒருவன் எதிரே வருவான். ஃபெர்கானாவில் ஒரு சின்ன மருத்துவமனை. விந்து எடுத்துத் தரச் சொல்லிக் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து ஒரு அறையைக் காட்டினார்கள். தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. அதற்கு வெளியே பெஞ்சில் இரண்டு பெண்கள் வெங்காய விலையைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவில் சாய்ந்து காவல் நின்றேன். வெளியே வந்தபோது அவன் சட்டை நனைந்திருந்தது. "தந்தூர்லகூட இப்படி வேர்த்ததில்லண்ணே" என்றான்.

டாக்டர் ஒரு பெண். ஸுல்ஃபியா என்று பெயர். அதைக் கேட்டதும் இவன் திரும்பப் போய்விடப் பார்த்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்தம்மா திரையைத் திருப்பிக் காட்டினாள். சாம்பல் நிறத் தண்ணீரில் எறும்புக் கூட்டம்போல வால் முளைத்த புள்ளிகள்.

முகிமின் முகம் மலர்ந்துவிட்டது. "இத்தனை இருக்கே டாக்டர்!"

"இருக்கு. ஆனா நீந்தல."

அவன் குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். உண்மைதான். எல்லாம் அப்படியே கிடந்தன. ஓரத்தில் ஒன்றிரண்டு மட்டும், நூலில் கட்டிப் போட்டதுபோல, இருந்த இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தன.

"நூத்துக்கு நாலுதான் அசையுது. அதுங்களும் முன்னால போகல. கருமுட்டை வரைக்கும் போய்ச் சேர்ற தெம்பு இல்ல. என்ன வேலை பாக்கறீங்க?"

"ரொட்டி சுடறேன்."

"தந்தூரா?" அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அல்லா விதைப்பையை உடம்புக்கு வெளியே வச்சதே குளிர்ச்சியா இருக்கட்டும்னுதான். நீங்க தினமும் கொண்டுபோய் அடுப்பு விளிம்புல வச்சு வேக விடறீங்க."

"அப்போ அதுதான் காரணமா?"

"அது மட்டுந்தான்னு சொல்ல மாட்டேன். ஆனா முதல்ல அதை விடுங்க."

பிறகு சில மருந்துகளை எழுதினாள். மருந்து என்றுகூடச் சொல்லவில்லை, சத்து என்றாள். கார்னிட்டின் என்று ஒரு பொடி. துத்தநாகம், செலினியம், வைட்டமின் ஈ எல்லாம் சேர்ந்த ஒரு மாத்திரை. கோஎன்சைம் என்று ஒரு மஞ்சள் குளிகை. விந்தணுவின் வாலுக்கு வேகம் கொடுப்பது இவைதானாம்.

"இதைச் சாப்பிட்டா நீந்திடுமா?"

"சிலருக்குக் கூடுது. சிலருக்கு ஒண்ணுமே ஆகறதில்ல. ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் ஒரே பேச்சாச் சொல்லல, நான் எப்படிச் சத்தியம் பண்ணட்டும்? ஒரு அணு உருவாகி வெளிய வரவே ரெண்டு ரெண்டரை மாசம் ஆகும். மூணு மாசம் கழிச்சு வாங்க. எழுதின அளவு மட்டும் சாப்பிடுங்க."

திரும்பி வருகிற வேனில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பருத்திக் காடு முழுக்க வெறும் குச்சியாக நின்றது. ஊர் நெருங்கும்போது, "இது நமக்குள்ள இருக்கட்டும் அண்ணே" என்றான். நான் தலையாட்டினேன்.

வீட்டில் முதுகுவலி என்று சொல்லித் தந்தூரை என்னிடம் விட்டான். அவன் மாவுக்கு வந்தான். என் கைக்குத் தந்தூர் பழகவில்லை. ஒரு ரொட்டி கருகிற்று, இன்னொன்று சாம்பலில் விழுந்தது. "முகிம் செத்துட்டானா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அவன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொடி டப்பாவை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்தான். காலையில் மோரில் கலக்கி, புளிப்புத் தாங்காமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குடிப்பான். வால்நட், பூசணி விதை, மீன் என்று யார் எது சொன்னாலும் தின்றான்.

மூன்று மாதம் கழித்துப் போனோம். நூற்றுக்கு நாலு என்றிருந்தது இப்போது பதினைந்தாகியிருந்தது. சில முன்னாலும் போயின. திரையில் ஒரு புள்ளி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நேராகப் போவதைப் பார்த்துவிட்டு முகிம், "ஓடு, ஓடுடா என் ராஜா" என்று கத்திவிட்டான். டாக்டரம்மாவே சிரித்துவிட்டாள். "இது போதாது. சாதாரணமா நாப்பதாவது இருக்கணும். ஆனா நல்ல அடையாளம்" என்றாள். அன்று அவன் ஹுல்கருக்கு ஒரு சால்வை வாங்கினான்.

அவள் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான். "அம்மாகிட்ட எப்போ சொல்லப் போறீங்க?"

"பிள்ளை நிக்கட்டும், அப்புறம் எதுக்குச் சொல்லணும்? தானா எல்லார் வாயும் மூடிடும்."

"அதுவரைக்கும்?"

அவன் கடைக்குக் கிளம்பிவிட்டான். அவளும் மறுபடி கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அவள் மாதவிலக்கு முடிந்து குளிக்கும் நாளில் ஒய்னிசா பாத்திரங்களை டமால் டமால் என்று போடுகிற சத்தம் கடை வரைக்கும் கேட்கும்.

முகிமுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு கரண்டி பதினைந்து ஆக்கினால் மூன்று கரண்டி என்ன ஆக்காது என்று கணக்குப் போட்டான். போனில் விற்கிறவர்களிடம் பவுடர் வரவழைத்தான். சந்தையில் ஒரு வைத்தியனிடம் கறுப்பு லேகியம் வாங்கினான். ஒவ்வொரு டப்பாவிலும் வேறு வேறு படம், வேறு வேறு சிங்கம். உள்ளே பெரும்பாலும் அதே சரக்குத்தான். நான் சொல்லிப் பார்த்தேன். "சத்துதானே அண்ணே, விஷமா?" என்றான்.

கோடை முடிவதற்குள் மாவில் முடி விழ ஆரம்பித்தது. தொப்பியைக் கழற்றினால் கொத்துக் கொத்தாக வந்தது. நகம் மாவைப் பிசையும்போதே பிளந்தது. மூச்சில் ஒரு நாற்றம். கல்லாவுக்கு எதிரே நின்ற ஒரு அம்மாள், "என்னப்பா, ரொட்டியில பூண்டு போட ஆரம்பிச்சுட்டியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் பூண்டைத் தொட்டே மாதங்களாகியிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஒய்னிசா ஹுல்கரின் அண்ணன் பஹ்ராமுக்கு ஆள் அனுப்பினாள். அவன் வேனோடு வந்து வாசலில் நின்றான். செய்தி கேட்டு முகிம் மாவுக் கையோடு ஓடினான். நான் பின்னாலேயே போனேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஹுல்கரின் பெட்டி. அதன் மேல் அந்தச் சால்வை.

"உங்க வீட்டுப் பொண்ணை நான் குறை சொல்லல," என்று ஒய்னிசா பஹ்ராமிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நல்லவதான். ஆனா வயிறு கல்லு. என் மகனுக்கும் வயசாவுது. அவனும் மனுஷன்தானே, ஒரு பிள்ளை முகம் பாக்க வேணாமா? பாருங்க, இந்தக் கவலையில அவன் முடியெல்லாம் கொட்டிப் போச்சு."

பஹ்ராம் முகிமைப் பார்த்தான். "நீ என்ன சொல்றே மச்சான்?"

முகிம் வாயைத் திறந்தான். நான் அவன் பக்கத்தில்தான் நின்றேன். அவன் வாயை மூடிக்கொண்டு, கையில் ஒட்டிய மாவை உரிக்க ஆரம்பித்தான். ஹுல்கர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. அப்புறம் தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏறினாள். சால்வை கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

முகிம் நேரே கடைக்கு வந்தான். என் கையிலிருந்து உறையைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு தந்தூருக்குள் குனிந்தான். "இனி யாருக்காக?" என்றான். அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் அந்த அனலை விட்டு நகரவில்லை. மீதமிருந்த பொடிகளையும் விடாமல் தின்றான். எதற்கு என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ரொட்டி மட்டும் பழையபடி அருமையாக வந்தது. ஊர் சந்தோஷப்பட்டது.

ஃபெர்கானாவுக்கு மறுபடி போக வேண்டிய தேதி வந்தபோது நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மூன்று என்று வந்தது. தொடங்கிய இடத்துக்கும் கீழே. டாக்டர் ஸுல்ஃபியா திரையைவிட அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நகத்திலும் வெள்ளைக் கோடு.

"என்னென்ன சாப்பிடறீங்க?"

அவன் சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது. "எல்லாத்துலயும் செலினியம் இருக்கு! கொஞ்சமா இருந்தா அது சத்து. இப்படி அள்ளிப் போட்டா விஷம். முடி ஏன் கொட்டுது, மூச்சு ஏன் நாறுதுன்னு நினைச்சீங்க? இதெல்லாம் நிறுத்துங்க. ரத்தம் பாக்கணும். மறுபடி அடுப்புக்கும் போனீங்களா?"

"போனேன்."

"உங்க மனைவி எங்க? அவங்களையாவது கூட்டிட்டு வந்திருக்கலாமே. நான் அவங்ககிட்ட பேசியிருப்பேன்."

"அவங்க வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

"எதுக்கு?"

அவன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மூக்கு ஒழுக, விக்கலெடுத்து, குழந்தை மாதிரி. அந்தம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

அங்கிருந்து கோகந்து வேனில் ஏறவில்லை. ரிஷ்தான் வேனில் ஏறினான்; நானும் கூட ஏறினேன். ஹுல்கரின் வீட்டு வாசலில் பஹ்ராம் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். முகிம் உள்ளே போகவில்லை, ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"கோளாறு என்னோடது. அவளோடது இல்ல. போன குளிர்காலத்துலயே எனக்குத் தெரியும்."

பஹ்ராம் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கன்னத்தில் அறைந்தான். தொப்பி தெருவில் போய் விழுந்தது. வழுக்கையாய்த் திட்டுத் திட்டாகக் கிடந்த அந்தத் தலையைப் பார்த்ததும் இரண்டாவது அறைக்கு ஓங்கிய கை நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஹுல்கரின் அப்பா வந்தார். இனோயத் என்று பெயர். பேச்சு குறைந்த மனுஷர்.

"உள்ள வாங்க. தெருவுல வச்சுப் பேசற பேச்சா இது?"

தேநீர் வைத்தார்கள். முகிம் தொடவில்லை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹுல்கரின் குரல் வந்தது.

"எங்க வீட்டுல சொல்லிட்டீங்க. சரி. உங்க வீட்டுல?"

"சொல்றேன்."

"சொல்லிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அன்றே சொன்னான். ஒய்னிசா முதலில் நம்பவில்லை. "எவளோ ஒரு டாக்டரு, கண்ணாடியில எதையோ காட்டி உன்னை ஏமாத்தியிருக்கா. நம்ம வம்சத்துல ஆம்பளைக்குக் குறை ஏது?" என்றாள். பிறகு அழுதாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"சரிடா. அவளைக் கூட்டிட்டு வா, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா வெளிய இதை மூச்சு விடாத. ஊரு அவளையே சொல்லிட்டுப் போகட்டும். பொம்பள தாங்கிக்குவா. ஆம்பள உன்னால தாங்க முடியாதுடா."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்த பாசம் அதுதான் என்று முகிம் என்னிடம் சொன்னான். ஆனாலும் அதற்கு மேல் அந்த வீட்டில் ஒரு வேளை சோறு இறங்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தான். ஹுல்கர் வந்தாள். உடனே வந்துவிடவில்லை, முதல் பனி விழுந்த பிறகு வந்தாள். முதல் மாதங்களில் அவனோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ஒரு மின்சார அடுப்பு பேக்கரியில் மாவு பிசையும் வேலைக்குச் சேர்ந்தான். தந்தூர் ஸாகிருக்குப் போயிற்று.

முடி திரும்ப முளைத்தது. நகமும் தேறியது. நீந்துகிறவை ஒன்பது வரை ஏறி, அங்கேயே நின்றுவிட்டன. ஸுல்ஃபியா டாக்டர் தாஷ்கந்துக்கு அனுப்பினாள். அங்கே ஒரே ஒரு நல்ல அணுவைத் தேடி எடுத்து, ஊசியால் கருமுட்டைக்குள்ளேயே வைத்துவிடுவார்களாம். அது நீந்த வேண்டியதே இல்லை. இருந்த சின்ன வண்டியை விற்றுவிட்டுப் போனார்கள். மூன்று கரு உருவாயிற்று. ஒன்றை ஹுல்கரின் கருப்பையில் வைத்தார்கள். ஒட்டவில்லை. மீதி இரண்டும் உறைய வைக்கிற அளவுக்கு வளரவில்லை. ரயிலில் திரும்பி வந்தபோது நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ஹுல்கர் இறங்கி வந்து, "நல்லா இருக்கீங்களா அண்ணே, வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று முறையாக விசாரித்தாள். முகிம் பைகளை எங்கே வைத்தோம் என்று மறந்துபோய் மறுபடி ரயில் பெட்டிக்குள் ஏறப் போனான்.

போன மாதம் எங்கள் மஹல்லாவில் ஒரு கல்யாணம். இருவரும் வந்திருந்தார்கள். வாசலில் பெண் வீட்டு அம்மாள் ஒருத்தி ஹுல்கரைப் பார்த்து, "உனக்கு எத்தனை பிள்ளைம்மா?" என்று கேட்டாள். ஹுல்கர் வாயைத் திறப்பதற்கு முன் முகிம் சொன்னான்.

"இன்னும் இல்ல அம்மா. எனக்குத்தான் கோளாறு. வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கோம்."

அந்த அம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தாள். பின்னால் நின்ற இளவட்டங்களில் யாரோ களுக்கென்று சிரித்தான். முகிமின் கழுத்துச் சிவப்பு காது வரை ஏறியது. எங்கே போனாலும் இப்படித்தான் சொல்கிறான். சொல்லிச் சொல்லிப் பழகிவிடும் என்று நினைத்தானாம். பழகவில்லை என்றான். அன்று பிலாவ் தட்டு முன்னால் வந்தபோது கை தவறி, சோறு மேஜையில் சிந்திற்று. ஹுல்கர் பெண்கள் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தாள். எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க, சிந்தினதைத் துடைத்துவிட்டுப் போனாள்.

நோன்பு முடிந்ததும் மறுபடி தாஷ்கந்து போவதாகச் சொல்கிறார்கள். பிள்ளை கிடைக்குமா என்று டாக்டருக்கும் தெரியாது. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பொடி மட்டும் நடக்கிறது. ஒரே டப்பா, எழுதிக் கொடுத்த அளவு. டப்பா இருக்கிற அலமாரிச் சாவி ஹுல்கரிடம். காலையில் அவள் கரண்டியால் தலைதட்டி எடுத்து மோரில் கலக்கிக் கொடுக்க, அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு வேலைக்குப் போகிறான்.